பட்டாளத்து வீட்டுப் பிள்ளை: போஸ்டிங் ஆர்டர் வந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் வரை ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் ஒரு ராத்திரி தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, அவருக்கு ஜோத்பூர் போஸ்டிங் வந்திருக்கு. பாப்பா இப்போதான் இந்த ஸ்கூல்ல ரெண்டு பிரெண்டு பிடிச்சிருக்கா. கூட்டிட்டுப் போறதா, ஊர்லயே விடுறதா, ஒண்ணும் புரியல." ஒன்றரை மணி நேரம் பேசினோம், அப்புறமும் பாக்கி இருந்தது. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருக்கின்றன.

நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் லைன்மேனாக இருந்த ஒரு ஹவில்தாரின் மகள். பன்னிரண்டு வகுப்புக்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்தேன்: ஜபல்பூர், நடுவில் வேலூர் பக்கத்தில் எங்கள் ஊர், ஜலந்தர், பின்னாகுரி, செகந்திராபாத், கடைசியில் மறுபடியும் ஊர்ப் பக்கம். எனக்குத் தெரிந்தது தரைப்படையில் ஜவான், ஜேசிஓ (ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவில் இருக்கும் சுபேதார் போன்றவர்கள்) வீடுகளின் வாழ்க்கை. விமானப்படை, கடற்படை வீடுகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் மாறுவதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கமாட்டார்கள். கீழே எழுதியிருக்கும் எல்லாப் படிக்கும் அடியில் இந்த ஒரு விஷயம்தான் இருக்கிறது.

முதல் படி: ஃபைல்

பிள்ளை பிறந்தவுடன் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறோம், பெயர் வைக்கிறோம், அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. அப்பாவின் யூனிட்டில் அந்தப் பிறப்புக்குப் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு வெளியாகி, ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் பதிவாகும் வரை ராணுவத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிள்ளை இல்லை. டிபெண்டன்ட் கார்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி, படிப்பு அலவன்ஸ் எல்லாமே அந்த ஒரு பதிவில் இருந்துதான் கிளம்புகின்றன. லீவு முடிந்து அப்பா கிளம்பும்போதே சான்றிதழின் நகல் அவர் பையில் இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு, இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். வடக்கே பள்ளிக்கூட கிளார்க் 'சர்நேம்' என்று கேட்டு நிற்பார். அம்மா அப்பா பெயரைச் சொல்வார், அடுத்த ஊரில் வேறொருவர் இனிஷியலை மட்டும் எழுதுவார், மூன்றாவது ஊரில் தாத்தா பெயரும் உள்ளே வந்துவிடும். என் தம்பிக்கு மூன்று சான்றிதழில் மூன்று விதமாகப் பெயர் இருந்தது. அதைச் சரிசெய்ய அப்பா ஒரு முழு லீவைச் செலவழித்தார். அதனால் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் எழுதுவது, இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, விரித்து எழுதுவதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்து, அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் போர்டு பதிவு நடக்கும். அதற்குப் பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஃபைலில் இவை எப்போதும் இருக்கட்டும்: பிறப்புச் சான்றிதழ், பார்ட் டூ ஆர்டர் நகல், ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, இதுவரை படித்த எல்லாப் பள்ளியின் டிசி நகல், மதிப்பெண் அட்டைகள், அப்பாவின் மாற்றல் உத்தரவுகள் ஒவ்வொன்றின் நகல். கடைசியில் சொன்னதை யாரும் சேர்த்து வைப்பதில்லை. கேந்திரிய வித்யாலயா சேர்க்கையில் அப்பாவுக்குக் கடந்த ஏழு ஆண்டில் எத்தனை மாற்றல் என்பதை எண்ணித்தான் வரிசை போடுவார்கள், யூனிட்டில் அதற்குச் சான்று வாங்கும்போது அந்த நகல்கள் கைகொடுக்கும். ஃபைல் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லாரியிலோ ரயில் பார்சலிலோ போகும் பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: பிள்ளை எங்கே இருக்கப் போகிறது

பெரிய முடிவு இதுதான். பெரும்பாலான வீடுகளில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததா இல்லையா என்பதே இதை முடிவு செய்துவிடுகிறது.

பீஸ் ஸ்டேஷன், அதாவது அமைதியான இடம், என்றால் குடும்பத்தோடு போகலாம், ஆனால் குவார்ட்டர்ஸுக்கு வரிசை உண்டு, சில மாதம் காத்திருக்க நேரும். ஃபீல்ட், அதாவது எல்லையோரம் மாதிரி கடினமான இடம், என்றால் குடும்பம் கூடப் போக முடியாது. அப்போது மூன்று வழி இருக்கிறது. இருக்கும் குவார்ட்டர்ஸையே கல்வியாண்டு முடியும் வரை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்எஃப் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போடலாம். அல்லது ஊருக்கு வரலாம். எஸ்எஃப் வேண்டுமென்றால் ஆர்டர் வந்த வாரமே விண்ணப்பியுங்கள், அதற்கும் வரிசை உண்டு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை முடிந்த இடத்துக்கெல்லாம் அப்பாவோடு போங்கள். அந்த வயதில் ஒரு பிள்ளை புது ஊரில் இழப்பது கொஞ்சம், அப்பா இல்லாத வீட்டில் இழப்பது அதிகம். ஆறிலிருந்து எட்டு வரை நிலைமையைப் பார்த்துச் செய்யலாம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டால் பத்து முடியும் வரை நகர்த்தாதீர்கள், பதினொன்று, பன்னிரண்டும் அப்படியே. சிபிஎஸ்இயில் பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பெற்றோர் மாற்றல் என்று காரணம் காட்டிச் சேரலாம்தான், ஆனால் அந்த அலைச்சல் அந்த வருஷத்துப் பிள்ளைக்கு வேண்டாம். எனக்குச் செகந்திராபாத்தில் ஒன்பதும் பத்தும் ஒரே பள்ளியில் அமைந்தது. நடுவில் அப்பாவுக்கு ஒரு ஆர்டர் வந்தபோது அவர் தனியாகப் போனார், நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். அந்த இரண்டு வருஷம் இல்லாவிட்டால் என் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஊரில் விடுவதென்றால் அம்மாவோடு விடுவது வேறு, தாத்தா, ஆயாவிடம் விட்டுவிட்டு அம்மா மட்டும் போவது வேறு. இரண்டாவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எனக்கு அது நடக்கவில்லை, என் பெரியப்பா மகனுக்கு நடந்தது. அவனுக்கு இப்போது நாற்பது வயது. எதற்காகத் தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருமே உட்கார வைத்துச் சொல்லவில்லை என்பதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாம் படி: பள்ளிக்கூடம்

கேந்திரிய வித்யாலயா (சுருக்கமாகக் கேவி) அமைப்பு 1963இல் மாற்றலாகிக்கொண்டே இருக்கும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. படைகளின் ரெஜிமென்ட் பள்ளிகள் இருபதை எடுத்துக்கொண்டுதான் அது ஆரம்பித்தது. நமக்கு இதில் பெரிய வசதி, ஒரு கேவியில் சேர்ந்துவிட்டால் அப்பாவின் மாற்றல் உத்தரவைக் காட்டி அடுத்த ஊர் கேவியில் சேர்ந்துகொள்ளலாம். பாடத்திட்டமும் ஒன்று, சீருடையும் ஒன்று. புது ஊரில் முதல் நாள் பழைய சீருடையிலேயே போய் நிற்கலாம் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். முதல் வகுப்புக்கு மார்ச் 31ஆம் தேதி ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஆர்மி பப்ளிக் ஸ்கூல் என்பது 1983இல் உருவான ஆர்மி வெல்ஃபேர் எஜுகேஷன் சொசைட்டி நடத்துவது, பெரிய கன்டோன்மென்ட்களில் (ராணுவக் குடியிருப்புப் பகுதிகளில்) இருக்கும். நல்ல பள்ளிகள்தான். கட்டணம் கேவியைவிடக் கூடுதல். சின்ன ஸ்டேஷன்களில் கிடைக்காது என்பதால் அடுத்த போஸ்டிங்கில் பள்ளிவகை மாற வேண்டி வரலாம், அதையும் கணக்கில் எடுங்கள். அந்தந்த மாநில போர்டு பள்ளியில் சேர்ப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். அங்கே அந்த மாநில மொழி கட்டாயமாக இருக்கலாம், இரண்டு வருஷத்தில் பஞ்சாபியோ வங்காளமோ எழுதப் பழகி முடிக்கும் நேரத்தில் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும்.

விடுதிப் பள்ளி யோசிப்பவர்களுக்கு: உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகரில் 1962இலிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறிலும் ஒன்பதிலும் அகில இந்திய நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், பெண் பிள்ளைகளும் சேரலாம், படையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல் என்று ஐந்து இருக்கின்றன: சாயில், அஜ்மீர், பெல்காம், பெங்களூரு, தோல்பூர். அவற்றில் பெரும்பங்கு இடங்கள் ஜேசிஓ, ஜவான் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நம் வீடுகளில் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஆனால் பிள்ளை விரும்பினால் மட்டும் அனுப்புங்கள். அப்பா பட்டாளத்தில் இருப்பதால் மகனும் பட்டாளத்துப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

பணம்: பிள்ளைகளின் கல்விப்படி 2024 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு பிள்ளைக்கு 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகள் வரை. விடுதியில் படித்தால் ஹாஸ்டல் மானியம் மாத உச்சவரம்பு 8,437 ரூபாய் 50 காசு. விடுதி வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் தரும் சான்றோடு வருஷத்துக்கு ஒரு முறை கோர வேண்டும். மாற்றலான வருஷத்தில் இரண்டு பள்ளியிலும் சான்று வாங்கிவையுங்கள்.

நான்காம் படி: கிளம்புவது

ஆர்டர் வந்த அன்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். "இப்பவே சொன்னா அழுவா, கிளம்புற வாரம் சொல்லிக்கலாம்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். அழட்டும். குவார்ட்டர்ஸ் சுவர் காகிதம் மாதிரி, போன் பேச்சு, பெட்டி இறங்குவது, அம்மா மாவு டப்பாக்களைக் காலி செய்வது எல்லாமே பிள்ளைக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டிய பாரத்தை ஏழு வயதுக்காரி தலையில் வைக்காதீர்கள்.

சொல்லும்போது ஊர்ப் பெயர், மேப்பில் இடம், எந்த மாதம், எந்த ரயில், எத்தனை ராத்திரி ரயிலில் தூங்க வேண்டும், அங்கே குளிரா வெயிலா, குவார்ட்டர்ஸ் கிடைத்ததா, இதெல்லாம் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "அங்க இதைவிட நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். நமக்கே தெரியாது.

விடைபெறுவதற்குப் பிள்ளைக்கு நேரம் வேண்டும். பெரியவர்களுக்கு யூனிட்டில் விருந்து வைத்து அனுப்புகிறார்கள், பிள்ளைகள் மட்டும் ஒரு புதன்கிழமை வகுப்பிலிருந்து டிசியோடு காணாமல் போகிறார்கள். கடைசி நாள் எது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், நண்பர்கள் பெயரும் அவர்கள் அப்பாவின் யூனிட்டும் போன் எண்ணும் எழுதி வாங்கட்டும். பட்டாளத்து உலகம் சின்னது. ஜலந்தரில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் மூன்று வருஷம் கழித்துச் செகந்திராபாத்தில் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

பெட்டிகள். கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் எண், ரேங்க், பெயர், போகும் ஊர் எழுதுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பழைய ஊரை அடித்துப் புது ஊரை எழுதுவது அப்பாவின் வேலை. மீந்த பெயிண்டில் அப்பா ஒன்று செய்வார். பெட்டி மூடியின் உள்பக்கம் என் காலையும் தம்பி காலையும் வைக்கச் சொல்லிச் சுற்றி வரைந்து, ஊரும் வருஷமும் போடுவார். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததைக் கதவு நிலையில் கோடு போட்டு வைப்பார்கள், எங்களுக்குக் கதவு சொந்தமில்லை. மார்ச் அவுட், அதாவது குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் அன்றைக்கு, கட்டடங்களைப் பராமரிக்கும் எம்இஎஸ் ஆள் வந்து சுவரில் ஆணி அடித்த இடத்தைக்கூடக் கணக்கெடுப்பார். பெட்டி மட்டும் கூடவே வரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கட்டும், ஒரு போர்வையோ, ஒரு சுவர்க் கடிகாரமோ, பூஜைப் படமோ. புது குவார்ட்டர்ஸில் முதலில் பிரிப்பது அதுவாக இருக்கட்டும், பாத்திரப் பெட்டி அப்புறம்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரம் வீட்டை அடுக்குவதைவிடப் பிள்ளையை வெளியே விடுவது முக்கியம். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஹிந்தி தானாக வரும், டியூஷன் அவ்வளவு வேகமாகத் தராது. எழுத்து மட்டும் முன்னாடியே பழக்கிவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து நேராக வடக்கே போகும் பிள்ளைக்கு, கிளம்பும் முன் கோடை விடுமுறையில் ஹிந்தி உயிரெழுத்து, மெய்யெழுத்து தெரிந்துவிட்டால் போதும், முதல் டிக்டேஷனில் பூஜ்யம் வாங்கும் அவமானம் இருக்காது. எனக்கு யாரும் பழக்கவில்லை. அந்தப் பூஜ்யம் வாங்கிய நாளும் டீச்சர் கட்டியிருந்த புடவை நிறமும் இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தாம் படி: தமிழ்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மூன்றாம் வகுப்பு வயதில் ஊருக்கு வந்தபோது எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ் எங்கள் ஊருக்குப் போகும் என்று என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் போர்டைப் படித்துச் சொன்னார்கள். தெருவில் எனக்கு 'ஹிந்திக்காரி' என்று பெயர் வந்தது. ஜபல்பூரில் நான் 'மதராசி'. இரண்டு இடத்திலும் வெளியூர்க்காரி என்பது ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதை மாற்றியது அப்பாவின் கடிதம். அவர் ஃபீல்டில் இருந்தார், முகவரியில் ஊர்ப் பெயர் இல்லாமல் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். அம்மாவுக்கு எழுதும் இன்லேண்டின் அடியில் எனக்கென்று இரண்டு வரி, பெரிய பெரிய எழுத்தில், தமிழில். அம்மா அதைப் படித்துக் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "உனக்கு வந்தது, நீதான் படிக்கணும்." முதல் கடிதத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆயாவிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். இங்கே பனி பெய்கிறது, தம்பியை அடிக்காதே, அவ்வளவுதான் அதில் இருந்தது.

அதனால் சொல்கிறேன், அப்பாக்களே, வாய்ஸ் மெசேஜோடு சேர்த்து மாதம் ஒரு காகிதம் எழுதுங்கள், தமிழில், பிள்ளையின் பெயர் போட்டு. அம்மாக்கள் அதைப் படித்துக் காட்ட வேண்டாம். தமிழ்நாடு அரசின் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலையருக்கான பாடங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பெரும்பாலான தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். ஒருநாள் ஊருக்குத் திரும்பிவந்து இங்கே சேர்க்க நேர்ந்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளை அ, ஆவில் தொடங்க வேண்டிய நிலை வரக்கூடாது.

ஆறாம் படி: அப்பா இல்லாத மாதங்கள், அப்பா வரும் வாரம்

நேரம் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்" என்றால் பிள்ளை ஏழரைக்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்காரும், மேலே டவர் கிடைக்காது. "கிடைக்கும்போது கூப்பிடுவேன், கூப்பிடலைன்னா போன் கிடைக்கலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவைத்தால் பிள்ளை புரிந்துகொள்ளும்.

அப்பா எங்கே இருக்கிறார், எப்போது நகர்கிறார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுங்கள், பயமுறுத்தாமல். "அப்பா டியூட்டியில் இருக்கார்" என்ற ஒரு பதில் போதும். பெரியவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இடத்தோடு படம் போட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுப்பதில் பயனில்லை.

லீவில் அப்பா வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பல வீடுகளில் அதுதான் கடினமான வாரம். பத்து மாதம் அம்மாவே எல்லா முடிவும் எடுத்து வீடு ஒரு ஒழுங்கில் ஓடுகிறது. வந்த மறுநாள் காலை அப்பா நோட்டைக் கேட்கிறார், முடி ஏன் இவ்வளவு நீளம் என்கிறார், டிவியை நிறுத்துகிறார். பிள்ளை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போகிறது, அவருக்கு நெஞ்சு உடைகிறது. ஜலந்தரில் என் தம்பி மூன்று நாள் அப்பாவை "அங்கிள்" என்று கூப்பிட்டான். அப்பா சிரித்தார். ராத்திரி வெளியே படியில் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். முதல் வாரம் அப்பா எதையும் திருத்த வேண்டாம். பள்ளிக்குக் கொண்டுவிடுவது, கடைக்குப் போவது, சைக்கிள் துடைப்பது, இப்படிப் பிள்ளையோடு சேர்ந்து செய்யும் சின்ன வேலைகள் போதும். ஒழுங்கு பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வருஷாந்திர லீவு 60 நாள். அது முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, நிலத் தகராறு என்று போய்விடும். ஒரு பாதியையாவது பள்ளி விடுமுறையோடு பொருந்தும்படி கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதியில்லை, கேட்டால்தான் கிடைக்க வாய்ப்பு.

ஏழாம் படி: செய்தி கனக்கும் நாட்கள்

1999, மே மாதக் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு, ஜலந்தர். அப்பாவின் யூனிட்டிலிருந்து ஆட்கள் போனார்கள், அப்பாவும் போனார். எங்கே என்று அம்மா சொல்லவில்லை. டிவியில் கார்கில் என்று வரும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கினார். நான் அந்த இருட்டில் எல்லாவற்றையும் கற்பனை செய்தேன், டிவியில் வந்திருக்கக்கூடியதைவிட மோசமாக. பள்ளியில் பாதிப் பேர் அப்பாக்கள் போயிருந்தார்கள், ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி, சுபேதாரின் மனைவி. ஒரு சாயங்காலம் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எங்கள் ஒன்பது பேரையும் தன் வீட்டில் உட்காரவைத்து, அட்லஸை விரித்து, நாம் இங்கே இருக்கிறோம், சண்டை இங்கே நடக்கிறது, உங்கள் அப்பாக்களில் சிலர் இந்தப் பக்கம் இருக்கலாம், கம்பி இழுப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், சமைப்பவர்கள் எல்லாரும் போயிருக்கிறார்கள், ஏதாவது செய்தி வந்தால் முதலில் உங்கள் அம்மாவிடம்தான் சொல்வார்கள், டிவியில் அல்ல, எனக்குத் தெரிந்தது இவ்வளவு என்றார். பிறகு பராத்தா கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் முழு ராத்திரி தூங்கினேன்.

ஜூலையில் அப்பாவின் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. பிந்தைய தேதிக் கடிதத்தை அம்மா முதலில் பிரித்தார். ஜூலை 26 அன்று சண்டை முடிந்தது என்றார்கள், அப்பா வீட்டுக்கு வர அக்டோபர் ஆயிற்று. எல்லா வீட்டுக்கும் அப்படி நடக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கு யூனிட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணோடு நாங்கள் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விளையாட்டை நிறுத்திவிட்டோம், அதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: போய்ப் பக்கத்தில் உட்கார், ஒன்றும் பேச வேண்டாம், விளையாடக் கூப்பிடு.

இப்போது டிவியோடு போனும் சேர்ந்துவிட்டது. செய்தியை முழுவதும் அடைக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். ஃபார்வர்டு வீடியோக்களை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். பிள்ளை தூங்காமல் இருந்தால், படுக்கையை நனைத்தால், காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்றால் திட்டாதீர்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரிடம் அப்பாவின் போஸ்டிங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: "உங்க அப்பா ரேங்க் என்ன?"

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பெயருக்கு அடுத்து கேட்பது இதுதான். ஒரே வகுப்பில் ஆபீசர் பிள்ளை, ஜேசிஓ பிள்ளை, ஜவான் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள், பள்ளி விட்டதும் வேறு வேறு வீடுகளுக்குப் போவார்கள். ஒரு பிறந்தநாளுக்கு வகுப்பில் நான்கு பேரைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டார்கள், நான் அந்த நால்வரில் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நாம் ஏன் சின்ன வீட்டில் இருக்கிறோம் என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை, அப்பா சொன்னார். சிக்னல்ஸ் படைப்பிரிவு தொடங்கிய நாள் பிப்ரவரி 15, அன்றைக்குக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். என்னைக் கூட்டிப்போய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் காட்டி, ஒரு கம்பியைக் கையில் கொடுத்து, இது அறுந்தால் பெரிய சாஹிப் பேசுவது யாருக்கும் கேட்காது, அறுந்த இடத்தைத் தேடி ராத்திரியில் நடப்பது நான் என்றார். அதற்குப் பிறகு ரேங்க் என்ன என்று யாராவது கேட்டால், ரேங்கைச் சொல்லிவிட்டு அப்பா என்ன செய்கிறார் என்பதையும் சொல்லுவேன். பிள்ளையிடம் அப்பாவின் வேலையைக் காட்டுங்கள், சமையல்காரரோ, ஓட்டுநரோ, கிளார்க்கோ. படா கானா (யூனிட்டின் பெரிய விருந்து), ரெய்சிங் டே (படைப்பிரிவு தொடங்கிய நாள்) என்று எந்த வாய்ப்பு வந்தாலும் கூட்டிப்போங்கள். அம்மாக்கள் வெல்ஃபேர் மீட்டிங்கில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வராமல் பள்ளிப் பஸ், பூங்கா மாதிரி விஷயங்களைக் கேளுங்கள். கேட்ட ஒரு அம்மாவால் பின்னாகுரியில் எங்கள் பஸ் நிறுத்தம் நூறு அடி பக்கத்தில் வந்தது.

ஒன்பதாம் படி: ஊர் திரும்புவது

ஜவான்களில் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வுபெறுகிறார்கள். பிள்ளை அப்போது பள்ளியில்தான் இருக்கும். இது கடைசி மாற்றல் என்பதால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்போம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கன்டோன்மென்டில் எல்லாரும் புதுசு, யாரும் யாரையும் ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று கேட்பதில்லை. ஊரில் எல்லாரும் பத்து வருஷமாகச் சேர்ந்து படித்தவர்கள். ஓய்வு தேதி இரண்டு வருஷம் முன்பே தெரியும், அதைப் பிள்ளையின் பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் பொருத்திப் பாருங்கள். முடிந்தால் பத்து முடித்த கோடையில் மாறுங்கள். ஒவ்வொரு லீவிலும் பிள்ளையை ஊரில் ஒரே இரண்டு மூன்று வீடுகளுக்குத் தொடர்ந்து அனுப்பிப் பழக்கிவையுங்கள்.

வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிக் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் நீங்கள் இந்த ஊர்க்காரர்தான் என்று நிரூபிக்க ரேஷன் கார்டு, நிலப் பட்டா, அப்பா படித்த பள்ளியின் டிசி எல்லாம் தேவைப்படலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு ஓடாதீர்கள், அந்த வருஷத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். அரசுக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. அதற்கான சான்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஓய்வுபெற்றதும் அங்கே பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தொழிற்கல்வி படிக்கும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய். வருஷத்துக்கு 5,500 பேர், அதில் பாதி பெண்கள். முதல் வருஷம் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பி பெண்டாட்டி கூட்டிக்கொண்டே போவதென்று முடிவு செய்துவிட்டாள். பாப்பா இரண்டாம் வகுப்பு, ஹிந்தி எழுத்து 'க' வரைக்கும் வந்திருக்கிறாள். பெட்டி எங்கள் அப்பாவுடையது, மூடியில் இன்னும் இடம் இருக்கிறது.